நாலு பேர் வீட்டுக்கு மாசம் எத்தனை லிட்டர் எண்ணெய், எத்தனை கிலோ உப்பு?

#1 – அளவுக்கரண்டி

இதயத்துக்கு எது நல்லது, எது ஆகாது என்று பட்டியல் போட்ட இழைகள் இங்கே ஏற்கெனவே நிறைய. இதில் மளிகைச் சீட்டை மட்டும் வைத்துக் கணக்குப் பார்ப்போம். தினமும் ஸ்பூனால் அளப்பது எந்த வீட்டிலும் மூன்றாம் நாள் நின்றுவிடும். மாதம் எவ்வளவு வாங்கினோம் என்பது மட்டும் மாறாது.

ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டியில் 2,000 கலோரிக்கு ஒரு நாள் தட்டு இருக்கிறது. தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400, பழம் 100, பருப்பு/முட்டை/மீன்/கறி சேர்த்து 85, கொட்டைகளும் விதைகளும் 35, எண்ணெய் 27, பாலோ தயிரோ 300 மில்லி. எல்லாமே சமைக்காத எடை. இதை நாலு பெரியவர்கள், 30 நாள் என்று பெருக்கினால்:

எண்ணெய் 3.2 கிலோ, அதாவது சுமார் மூன்றரை லிட்டர். இது உச்சவரம்பு. தினம் தேங்காய்ச் சட்னி அரைக்கும் வீடு, கொழுப்பெடுக்காத பால் வாங்கும் வீடு என்றால் இரண்டரையில் நிறுத்துவதுதான் சரி.

உப்பு: உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். நாலு பேருக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் மாதத்தோடு தீர்ந்தால் ஆளுக்கு 8.3 கிராம். ஊறுகாய், அப்பளம், பிஸ்கட், மிக்சர், ஓட்டல் சாப்பாடு எல்லாம் அதற்கு மேல்.

அரிசி, இட்லி அரிசி, கோதுமை, ரவை, சேமியா, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 30 கிலோ. 25 கிலோ சிப்பம் ஒன்று, இட்லி அரிசி 10 கிலோ, கோதுமை மாவு 5 கிலோ வாங்கும் வீடு 40 கிலோவில் நிற்கிறது.

பருப்பு வகை மட்டும் தலைகீழ். கறி, மீன், முட்டையையும் சேர்த்து 10 கிலோ வர வேண்டும். சைவ வீட்டில் துவரை 2, உளுந்து 2, கடலைப்பருப்பு ஒன்று என்று 5 கிலோ தாண்டுவதே அபூர்வம். "தினமும் சாம்பார் வைக்கிறோமே" என்பார்கள். ஆளுக்கு ஒரு கிண்ணம் சாம்பாரில் பருப்பு 15, 20 கிராம்தான் இருக்கும். மீதி புளித்தண்ணீர்.

உங்கள் வீட்டுச் சீட்டை எடுத்துப் பாருங்கள். எண்ணெயும் அரிசியும் கூட, பருப்பும் காயும் குறைய என்றுதான் பெரும்பாலும் வரும்.

#2 – மாவுச்சத்துவிலக்கி

அரிசிக் கணக்குக்கு நன்றி. எண்ணெயையே திட்டிக்கொண்டு 40 கிலோ தானியத்தை யாரும் பார்ப்பதில்லை. தேவைக்கு மேல் போகும் மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக்கி ரத்தத்தில் அனுப்புகிறது. டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் அந்தக் கொழுப்பு) ஏறி எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரால் என்பார்கள்) இறங்குவது அப்படித்தான். தமிழ்நாட்டு லேப் ரிப்போர்ட்டில் மிகச் சாதாரணமாகப் பார்க்கும் ஜோடி அது. சென்னையில் நடந்த க்யூர்ஸ் ஆய்விலும் தீட்டிய அரிசி அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இதே கோளாறுகள் கூடுதலாக இருந்தன.

ஆனால் பிறகு எண்ணெய்க்கு ஏன் வரம்பு? அரிசியை நிறுத்திவிட்டு நெய், தேங்காய், முட்டை என்று போனால் டிரைகிளிசரைடு பாதியாக இறங்குகிறது, எச்.டி.எல். ஏறுகிறது, தொப்பையும் போகிறது. எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால் என்கிறார்களே, அது) கொஞ்சம் ஏறினால் என்ன? அதைச் சுமந்து ஓடுவது பெரிய துகள்தானே, ஆபத்தில்லை.

#3 – கொழுப்புப்படி

@மாவுச்சத்துவிலக்கி, முதல் பத்தி முழுக்கச் சரி. இரண்டாவதில் கடைசி இரண்டு வரியில்தான் தகராறு.

பெரிய துகளும் ரத்தக்குழாய்ச் சுவருக்குள் போகும். எத்தனை துகள் ஓடுகிறது என்பதுதான் கேள்வி. அதைக் காட்டும் பரிசோதனை அப்போ-பி. பேலியோவில் (நீங்கள் சொல்லும் அரிசியில்லா, கொழுப்பு மிகுந்த சாப்பாடு) எல்.டி.எல். 190க்குப் போனவர்களுக்கு அப்போ-பி-யும் பெரும்பாலும் கூடவே ஏறியிருக்கும். செய்து பார்த்துவிட்டுப் பேசலாம்.

எல்.டி.எல். வெறும் எண் இல்லை என்பதற்கு மருந்துக் கம்பெனி சம்பந்தமே இல்லாத ஆதாரம் ஒன்று உண்டு. பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணு பிறவியிலேயே வேலை செய்யாத ஆட்கள் இருக்கிறார்கள். 2006இல் அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பார்த்ததில், இப்படிப் பிறந்தவர்களுக்கு எல்.டி.எல். 28% குறைவு, இதயத் தமனி நோய் 88% குறைவு. மாத்திரையும் இல்லை, பத்தியமும் இல்லை. பிறந்ததிலிருந்தே குறைவாக ஓடியது, அவ்வளவுதான்.

எச்.டி.எல்.-ஐ ஏற்றினால் போதும் என்பதையும் மருந்தால் சோதித்தாகிவிட்டது. டார்செட்ரபிப் என்ற மருந்து எச்.டி.எல்.-ஐ நன்றாகவே ஏற்றியது. சாவும் கூடியதால் 2006 டிசம்பரில் சோதனையை நிறுத்தினார்கள்.

ஆகவே அரிசியைக் குறையுங்கள், ஆட்சேபணை இல்லை. அந்த இடத்தில் சுண்டல், பயறு, மீன், நிலக்கடலை வரட்டும். நெய்யும் வெண்ணெயும் வந்தால் டிரைகிளிசரைடை இறக்கி எல்.டி.எல்.-ஐ ஏற்றிவிட்ட கதைதான்.

#4 – நாஞ்சிலான்

தேங்காயை அதுக்குள்ள இழுத்துட்டீங்க. நாகர்கோவில் பக்கம் தலைமுறை தலைமுறையா தேங்கா எண்ணெயிலதான் சமையல். லாரிக் அமிலம் தனி ரகம், நேரா கல்லீரலுக்குப் போயி எரிஞ்சிரும்னு படிச்சிருக்கேன். எச்.டி.எல்.-உம் ஏறும்.

#5 – கொழுப்புப்படி

நேராகக் கல்லீரலுக்குப் போவது 8, 10 கார்பன் உள்ள சின்ன அமிலங்கள். லாரிக் 12 கார்பன். அதில் பெரும்பகுதி மற்றக் கொழுப்பைப் போலவே குடலிலிருந்து நிணநீர் வழியாக ரத்தத்துக்கு வருகிறது. ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வந்த அலசலில், கடலை, சூரியகாந்தி போன்ற எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.-ஐ சுமார் 10 மி.கி. கூட்டியது, எச்.டி.எல்.-ஐ 4. எச்.டி.எல். ஏறுவது எவ்வளவு உதவும் என்று மேலே சொல்லியாயிற்று.

முன்னோர் கணக்கில் அவர்கள் நடந்த தூரத்தையும் சேர்க்க வேண்டும் அண்ணாச்சி. அவியலுக்கு மேலே ஒரு ஸ்பூன் பச்சைத் தேங்காய் எண்ணெய் விடுவதை யாரும் தடுக்கவில்லை. பொரிக்க, தாளிக்க, வதக்க எல்லாவற்றுக்கும் அதுவே என்றால்தான் பிரச்சினை.

#6 – அளவுக்கரண்டி

தேங்காய் எண்ணெயை விடுங்கள். சட்னியைப் பார்ப்போம், நெல்லைக்கும் சென்னைக்கும் பொதுவானது அது.

100 கிராம் தேங்காய்த் துருவலில் கொழுப்பு 33 கிராம், அதில் நிறைவுற்றது (எல்.டி.எல்.-ஐ ஏற்றும் வகை) சுமார் 30. நாலு பேருக்குக் காலை டிபன் சட்னி என்றால் அரை மூடிக்குக் குறையாது, துருவல் 120 கிராம் வரும். ஆளுக்கு 9 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு ஒரு நாள் முழுக்க வரம்பே 22 கிராம்தான். இன்னும் பால் இருக்கிறது, தாளிப்பு இருக்கிறது, மதியப் பொரியலுக்குத் துருவல் தூவுவது இருக்கிறது.

துருவல் 40 கிராம், பொட்டுக்கடலை 40 கிராம், ஒரு கைப்பிடி கொத்தமல்லி, இஞ்சி, பச்சை மிளகாய் வைத்து அரைத்தால் ஆளுக்கு 3 கிராமுக்குச் சற்று மேல்தான். பொட்டுக்கடலை கூடினால் சட்னி பத்து நிமிடத்தில் இறுகிவிடும், தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாக விட்டு அரைக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள் தக்காளி, வெங்காயம், பீர்க்கங்காய்த் தோல் துவையல் என்று மாற்றிவிட்டால் இந்தக் கணக்கே வேண்டாம்.

பால்: ஆவின் நீலப் பாக்கெட் 3% கொழுப்பு, பச்சை 4.5%, ஆரஞ்சு 6%. தினம் ஒரு லிட்டர் ஆரஞ்சு வாங்கும் வீடு நீலத்துக்கு மாறினால் நாளுக்கு 30 கிராம் பால்கொழுப்பு மிச்சம். காபி தண்ணியாக இருக்கிறது என்று இரண்டு வாரம் முணுமுணுப்பு வரும். டிகாஷனைக் கெட்டியாக இறக்குங்கள்.

#7 – யாழ்_அடுப்பு

எங்கட பக்கம் சட்னியை விடத் தேங்காய்ப்பால்தான் சிக்கல். கறிக்கும் சொதிக்கும் முதற்பால் விட்டுத்தான் இறக்குறது. கொழுப்பு பெரும்பகுதி அந்த முதற்பாலிலதான் இறங்கும். இரண்டாம், மூன்றாம் பாலிலயே கறியை அவியவிட்டு, இறக்கேக்க முதற்பால் இரண்டு மேசைக்கரண்டி மட்டும் விட்டால் மணம் குறையாது. சொதிக்கு மூன்றாம் பாலோட பசுப்பால் கொஞ்சம் சேர்க்கலாம், ஆனால் தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு) அடுப்பை நிப்பாட்டி ஆறின பிறகுதான் விட வேணும், இல்லாட்டித் திரைஞ்சு போகும்.

குத்தரிசி எண்டால் எவ்வளவும் சாப்பிடலாம் எண்டு நினைக்கிற ஆக்களும் இருக்கினம். நார் கூட, மெதுவாச் சமிக்கும், அது சரி. ஆனால் கலோரி வெள்ளை அரிசி அளவேதான்.

#8 – செக்கடித்தெரு

மரச்செக்கு எண்ணெய் பற்றி யாரும் சொல்லவில்லையே. ரீபைண்ட் விஷம் என்கிறார்கள்.

#9 – கொழுப்புப்படி

செக்கில் ஆட்டினாலும் ஆலையில் சுத்திகரித்தாலும் கடலெண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் அதேதான். நிறைவுற்றது நல்லெண்ணெயில் சுமார் 15%, கடலெண்ணெயில் 17 முதல் 20, தவிட்டெண்ணெயில் 20க்கு மேல், பாமாயிலில் 45க்குப் பக்கம், நெய்யில் 60க்கு மேல், தேங்காய் எண்ணெயில் 90. செக்கில் கூடுதலாகத் தங்குவது மணமும், சில நுண்பொருள்களும். நல்லதுதான். ஆனால் "செக்கு" என்ற சொல்லை நம்பி இட்லிப் பொடிக்குக் குழி வெட்டி ஊற்றினால் அதுவும் ஸ்பூனுக்கு 40 கலோரிதான். பொடிக்கு ஊற்றும் இரண்டு ஸ்பூன் 10 மில்லி. ஒரு நாள் பங்கில் மூன்றில் ஒன்று அங்கேயே போச்சு.

செக்கில் வாங்கினால் கடலை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பூசணம் பிடித்த பருப்பில் அஃப்ளடாக்சின் என்ற நச்சு இருக்கும். சுத்திகரிப்பில் பெரும்பாலும் போய்விடும், செக்கில் எண்ணெயோடு வரும்.

"கொலஸ்ட்ரால் அறவே இல்லை" என்று அச்சடித்த பாட்டிலுக்கு அதிகம் கொடுக்காதீர்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது.

#10 – குடும்ப அட்டை

கடலெண்ணெய், நல்லெண்ணெய் என்றே போகிறது பேச்சு. ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு லிட்டர் பாமாயில்தான் பல வீடுகளில் பாதி மாதத்தை ஓட்டுகிறது. அவர்கள் என்ன செய்வது?

#11 – அளவுக்கரண்டி

நியாயமான கேள்வி. பாமாயிலை வாங்குங்கள், அந்த ஒரு லிட்டரை வடை சுடவும் அப்பளம் பொரிக்கவும் ஒதுக்குங்கள். சூட்டில் எளிதில் கெடாத எண்ணெய் அது. தாளிப்புக்கும் தோசைக்கும் கடலெண்ணெய் அரை லிட்டர் பாக்கெட். மொத்தம் குறைவதுதான் முக்கியம். மாதம் இரண்டு லிட்டரில் முடிக்கிற வீட்டில் அதில் ஒன்று பாமாயில் என்பது, நாலரை லிட்டர் சூரியகாந்தி ஊற்றும் வீட்டை விட மோசமில்லை. ரேஷனில் 30 ரூபாய்க்கு வரும் ஒரு கிலோ துவரம்பருப்பை விடாதீர்கள். இந்த இழையில் சொன்னதிலேயே மலிவான மருந்து அது.

எண்ணெயைக் கெடுப்பது திரும்பத் திரும்பக் காய்ச்சுவது. கடைகளுக்கு விதி இருக்கிறது: 2018 ஜூலை முதல், பொரித்த எண்ணெயில் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் கெடும்போது உண்டாகும் பொருள்கள்) 25% தாண்டக் கூடாது. வீட்டில் அதை அளக்கக் கருவி கிடையாது, கண்ணால்தான். நிறம் கறுத்தால், நுரை கட்டினால், விரலுக்குப் பிசுபிசுத்தால், முன்பை விடச் சீக்கிரம் புகைந்தால் முடிந்தது. ஒரு முறை பொரித்ததை வடிகட்டி இரண்டு நாளுக்குள் குழம்புத் தாளிப்பில் தீர்த்துவிடுங்கள். அதன் தலையிலேயே புது எண்ணெயை ஊற்றினால் புதுசும் சேர்ந்து கெடும். அதனால்தான் சின்ன வாணலியில் பொரிக்கச் சொல்வது, மிச்சமே இருக்காது.

வடை எண்ணெய் குடிக்கிறது என்றால் மூன்றில் ஒன்று காரணம்: மாவில் தண்ணீர் அதிகம், எண்ணெய் காயவில்லை, ஒரே ஈட்டில் பத்து வடை போட்டு எண்ணெய் ஆறிவிட்டது. பொரிக்கும் முன்னும், ஆறிய பின்னும் எண்ணெயை அளந்து பார்த்தால் எவ்வளவு வயிற்றுக்குப் போனது என்று தெரிந்துவிடும்.

#12 – பட்டைகட்டி (செவிலியர்)

முதல் பதிவுக்குப் பிறகு உப்பை யாரும் தொடவில்லை, நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு சாதாரணக் காலை டிபன்:

இட்லி மாவுக்கு ஒரு கிலோ அரிசி, கால் கிலோ உளுந்துக்குச் சுமார் 30 கிராம் உப்பு போடுகிறார்கள். 65 இட்லி வரும். நாலு இட்லியில் 1.8 கிராம் உப்பு. ஒரு கிண்ணம் சாம்பாரில் தோராயமாக 1.5. சட்னியில் 0.4. மொத்தம் 3.7. மணி ஒன்பதுகூட ஆகவில்லை, 5 கிராமில் முக்கால்வாசி காலி. மதியம் ஒரு மேசைக்கரண்டி ஊறுகாய் வைத்தால் அதிலேயே ஒன்றரை, இரண்டு கிராம். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் இருக்கிறது, அதுவும் சோடியம்தான்.

பாக்கெட் உணவில் சோடியம் என்றுதான் எழுதியிருப்பார்கள். 2.5ஆல் பெருக்கினால் உப்பு. 800 மி.கி. சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. அது 100 கிராமுக்கா, ஒரு பங்குக்கா என்று பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், அதையும் பாருங்கள்.

இந்துப்பு, கல்லுப்பு, ரோஸ் உப்பு எல்லாம் சோடியம் குளோரைடுதான். கல்லுப்பில் அயோடின் சேர்த்திருக்கிறதா என்பது மட்டும் கவனிக்க வேண்டியது.

உண்மையில் வித்தியாசமானது பொட்டாசியம் கலந்த உப்பு. சீனாவில் 600 கிராமங்களில் பக்கவாதம் வந்தவர்களும், ரத்தக்கொதிப்புள்ள 60 வயது தாண்டியவர்களுமாக 20,000க்கு மேற்பட்டோரிடம் சோதித்து 2021இல் முடிவு வந்தது. கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு பாவித்த ஊர்களில் பக்கவாதம் 14% குறைந்தது, மரணமும் 12% குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அந்த உப்பைத் தொடக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறும். பி.பி. மாத்திரை சாப்பிடுகிற வீடுகளில்தான் இதை ஆசையாக வாங்குகிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

#13 – புதுவரவு_தி

எல்லா இடத்திலும் பி.பி. ஒவ்வொரு மாதிரி காட்டுகிறது. உப்பைக் குறைத்தது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

#14 – பட்டைகட்டி (செவிலியர்)

வீட்டிலேயே ஏழு நாள் அளக்க வேண்டும் தம்பி. மேல்கையில் கட்டும் கருவி, மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, காபி, பீடி, நடை எதுவுமில்லாமல் அரைமணி கழித்து, முதுகு சாய்ந்து ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். பாதம் தரையில், கால்மேல் கால் கூடாது. கை மேசைமேல், பட்டை நெஞ்சு உயரத்தில். சட்டைக்கு மேல் கட்டக் கூடாது. பேசக் கூடாது, டி.வி. விவாதம் பார்த்துக்கொண்டு அளக்கவே கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை, காலையில் மாத்திரைக்கு முன்னும் மாலையிலும். முதல் நாள் எண்களைத் தள்ளிவிட்டு மற்ற ஆறு நாளின் சராசரி. வீட்டில் அது 135/85 தாண்டினால் மருத்துவரிடம் போங்கள்.

சாதாரணமாக வரும் பட்டை 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுக்கானது. தடித்த கைக்கு அதையே இறுக்கிக் கட்டினால் பி.பி. கூடுதலாகக் காட்டும். டேப்பால் கையை அளந்துவிட்டு வாங்குங்கள். அதே டேப்பை இடுப்பிலும் ஒரு தடவை சுற்றுங்கள்: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80, இதுதான் நம்மவர்களுக்கான எல்லை.

#15 – மூலிகைப்பித்தன்

இவ்வளவு கணக்கு எதற்கு? இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, ஆப்பிள் சிடர் வினிகர் நாலையும் காய்ச்சித் தேன் கலந்து குடித்தால் அடைப்பு கரைந்துவிடும். வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் வந்திருக்குமே.

#16 – கொழுப்புப்படி

வந்தது ஐயா, பல வருஷமாக வந்துகொண்டே இருக்கிறது. ரத்தக்குழாய் சமையலறைக் குழாய் மாதிரி, உள்ளே அழுக்கு ஒட்டியிருக்கிறது, அமிலம் விட்டால் கரையும் என்ற கற்பனைதான் அதன் அடிப்படை. அடைப்பு குழாயின் உள்பரப்பில் ஒட்டியிருப்பதில்லை, சுவருக்குள்ளேயே கொப்புளம் போல வளர்கிறது. வயிற்றுக்குப் போன வினிகர் அங்கே போகாது. மாரடைப்பும் பெரும்பாலும் குழாய் மெல்ல மெல்ல அடைத்து வருவதல்ல. அந்தக் கொப்புளத்தின் மூடி கிழிந்து, அதன்மேல் ரத்தம் உறைந்து சில நிமிடங்களில் அடைக்கிறது. முந்தின நாள் வரை நன்றாக நடமாடினார் என்பது அதனால்தான்.

நெஞ்சு அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை என்றால் வாயு என்று சோடா உடைத்துக் குடிப்பது நம் ஊரின் பெரிய தப்பு. 108ஐக் கூப்பிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்தில் இருந்தால் 2023இல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடார்வாஸ்டாடின் முதல் வேளை அங்கேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

எல்.டி.எல். எவ்வளவு இருக்கலாம் என்று தனிமடலில் கேட்டவர்களுக்கு: இந்திய இதயவியல் சங்கம் 2024இல் சொன்னது, பொதுவாக 100க்குள், சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ உள்ளவர்களுக்கு 70க்குள், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு 55க்குள். லிப்போபுரோட்டீன்-ஏ என்ற பரிசோதனையை ஆயுளில் ஒரு முறை செய்துகொள்ளுங்கள், அது பரம்பரை, உணவால் அசையாது. சாப்பாட்டை ஒழுங்குபடுத்தி எல்.டி.எல். பத்து, பதினைந்து சதவீதம் இறங்கினால் நல்ல பலன். 190ஐ அதை வைத்து 70 ஆக்க முடியாது. தட்டை மாற்றிவிட்டோம் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

#17 – மட்டுறுத்துநர்

மருந்துப் பெயர்களைப் பார்த்துத் தாமே வாங்கிச் சாப்பிடும் ஆலோசனை கேட்கும் பதிவுகள் நீக்கப்படும். புகையிலைக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே ஒரே வரி: பீடியும் வாயில் அதக்குவதும் தொடரும் வீட்டில் எண்ணெய்க் கணக்கு பார்ப்பது ஓட்டைக் குடத்துக்கு மூடி தேடுவது.

#18 – விடிகாலை_8கிமீ

நடையைப் பற்றிச் சுருக்கமாக. வாரம் 150 நிமிடம் குறைந்தபட்சம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை: நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்துப் பத்தாக மூன்று முறை எழுந்து உட்கார்வது, சுவரில் கை ஊன்றித் தண்டால். 2023 நவம்பரில் தமிழக அரசு மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்தது, முழுதும் நடக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தெருவில் பதினைந்து நிமிடம் நடந்தாலும் சர்க்கரை ஏற்றம் குறையும். நடை முடிந்த கையோடு டீக்கடையில் இரண்டு பஜ்ஜி, அரை மணி நடைக்கு அது நேர்ச்சரி.

#19 – மாவாட்டி

@பட்டைகட்டி அக்கா, மாவில் உப்பைக் குறைத்தால் சீக்கிரம் புளித்துவிடுகிறதே? சித்திரை வெயிலில் காலையில் எடுத்தால் பொங்கி வழிந்திருக்கிறது.

#20 – பட்டைகட்டி (செவிலியர்)

ஆமாம், உப்பு புளிப்பைத் தாமதப்படுத்தும், அதைக் குறைத்தால் வேகம் கூடத்தான் செய்யும். 30 கிராமிலிருந்து ஒரேயடியாக இறங்காமல் 26, 22, 18 என்று ஒவ்வொரு மாவுக்கும் இறக்குங்கள், நாக்கும் அதற்குள் பழகிவிடும். வெயில் காலத்தில் உளுந்தைக் குளிர்ந்த தண்ணீர் விட்டு அரையுங்கள், கிரைண்டர் சூட்டிலேயே பாதி புளிப்பு தொடங்கிவிடுகிறது. ராத்திரி பத்து மணிக்கு அரைத்துக் காலை வரை வெளியே வைக்க வேண்டாம். மாலையிலேயே அரைத்து, மாவு ஒன்றரை மடங்கு எழும்பியதும் படுக்கப் போகும் முன் ஃப்ரிட்ஜில் ஏற்றிவிடுங்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். மூன்றாம் நாள் புளித்த மாவை ஊத்தப்பம் ஊற்றிவிடலாம், வெங்காயமும் துருவிய கேரட்டும் நிறையப் போட்டால் அந்த நாள் காய்க் கணக்கிலும் கொஞ்சம் ஏறும்.